குமட்டல் நின்ற பிறகு: கூலண்ட் நஞ்சு உடலுக்குள் என்ன செய்கிறது?

சென்னையில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துபோகும் அளவுக்குக் குளிர் ஒருநாளும் வருவதில்லை. அப்படியும், உறைவதைத் தடுப்பதற்கென்று உருவான திரவம் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் வருடம் முழுக்க விற்கிறது. கூலண்ட் என்று கேட்டால் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். மே மாத வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியின் இன்ஜின் கொதித்துவிடாமல் இருக்க இது வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெரும்பாலான கூலண்டுகளின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைகால் 197 டிகிரியில்தான் கொதிக்கும். இரண்டையும் கலந்தால் கொதிநிலை ஏறும். கூடவே சேர்க்கும் ரசாயனங்கள் ரேடியேட்டர் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். அபார்ட்மென்ட் ஜெனரேட்டரிலிருந்து ஷேர் ஆட்டோ வரை இதன் தேவை பரவிக் கிடக்கிறது.

இந்தத் திரவத்துக்கு நிறமில்லை, வாசனை அநேகமாக இல்லை, கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும், இனிக்கும். தண்ணீரிலிருந்து பிரித்துக் காட்டத்தான் பச்சை, நீலம், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று சாயம் சேர்க்கிறார்கள். இளஞ்சிவப்புக் கூலண்ட் ரோஸ் மில்க் எசென்ஸ் போலவே இருக்கிறது. கேனில் மிச்சமானதைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கிற பழக்கம் மெக்கானிக் ஷெட்டிலும் உண்டு, வீட்டிலும் உண்டு. தாகத்தோடு விளையாடிவிட்டு வருகிற குழந்தைக்கு அது என்னவாகத் தெரியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கசப்புப் பொருள் கலந்துதான் கூலண்டை விற்க வேண்டும் என்று அமெரிக்காவின் சில மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. ஆனால் கசப்பு உறைப்பதற்குள் ஒரு மடக்கு உள்ளே போய்விடலாம். சின்னக் குழந்தைக்கு ஒன்றிரண்டு மடக்கே அவசர சிகிச்சை தேவைப்படும் அளவு.

விழுங்கிய பிறகு வரும் முதல் அறிகுறிகளில் ஒன்று குமட்டல். வாந்தியும் சேர்ந்தே வரலாம். நம் வீடுகளில் குமட்டலுக்குக் கைவசம் காரணங்கள் ஏராளம்: பித்தம், வெயில், நேற்று சாப்பிட்ட பரோட்டா, ஒத்துக்கொள்ளாத தண்ணீர். எலுமிச்சையும் இஞ்சியும் ஓமத் தண்ணீரும் வரிசையாக வரும். பெரும்பாலான நேரங்களில் அந்தக் காரணங்கள் சரியாகவும் இருக்கும். அதனாலேயே இந்த நஞ்சு தப்பித்துவிடுகிறது. இதில் குமட்டல் எங்கிருந்து வருகிறது, ஏன் நடுவில் அடங்குகிறது, ஏன் திரும்பி வருகிறது என்பது புரிந்தால், எப்போது இஞ்சியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் புரியும்.

எத்திலீன் கிளைகால் ஒரு வகை ஆல்கஹால். வயிற்றில் விழுந்ததும் இரைப்பையின் உட்சுவரை நேரடியாக உறுத்துகிறது. முதல் குமட்டலில் ஒரு பங்கு இதனால் வருவது. மறுபக்கம் அது வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும். மூளைத்தண்டின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. மூளையின் மற்ற இடங்களை ரத்தத்திலுள்ள நச்சுப்பொருள்களிலிருந்து காக்கும் தடுப்பு அங்கே தளர்வாக இருக்கும். ரத்தத்தில் ஏதாவது தப்பாக ஓடினால் அந்த இடம் உணர்ந்து வாந்தியைக் கிளப்பும். ஆக, வயிறும் மூளையும் ஆளுக்கொரு பக்கம் எச்சரிக்கின்றன. கூடவே தள்ளாட்டம், குழறல், தூக்கக் கலக்கம் வரும், குடித்தவர் போலவே. ஆனால் வாயில் சாராய வாடை இருக்காது. குடிக்காத பெரியவரோ ஐந்து வயதுக் குழந்தையோ திடீரென்று தள்ளாடி வாந்தியும் எடுத்தால் அதை வெயில் மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. இந்த முதல் கட்டம் விழுங்கிய அரை மணி நேரத்திலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரம் வரை நீளலாம்.

வேடிக்கை பார்க்க முடியாத பகுதி இனிமேல்தான். எத்திலீன் கிளைகால் அப்படியே இருந்தால் செய்யும் கேடு ஓரளவுதான். அதைக் கொடிய நஞ்சாக்குவது நம் கல்லீரல். சாராயத்தை உடைக்கும் அதே நொதி இதையும் உடைக்கிறது. உடைந்ததில் கிளைகாலிக் அமிலம் உண்டாகிறது, அதிலிருந்து படிப்படியாக ஆக்சாலிக் அமிலம். கிளைகாலிக் அமிலம் சேரச் சேர ரத்தம் அமிலத்தன்மை அடையும். ஆக்சாலிக் அமிலம் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியம் ஆக்சலேட் படிகமாக மாறும். சிறுநீரகக் கல்லில் இருப்பதும் இதே பொருள்தான். ஆனால் இங்கே அது ஒரு கல்லாகத் திரளாமல், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் முழுக்க ஊசி ஊசியாகப் படிந்து அவற்றின் செல்களைச் சாகடிக்கிறது. கால்சியம் குறைவதால் கைகால் இழுப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் வரலாம்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே வயிற்று உறுத்தல் அடங்கி, போதை தெளிந்து, ஆள் தேறியது போலத் தோன்றுவது உண்டு. வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். வாந்தி நிற்க மாத்திரையோ சிரப்போ கொடுத்திருந்தால் அதுதான் வேலை செய்தது என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த மருந்து வாந்தியை மட்டும் அடக்கியிருக்கும், அமிலம் உண்டாவதை அது தொடாது. என்னைக் கேட்டால், இந்த நஞ்சைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: கூலண்ட் உள்ளே போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது குமட்டல் நின்றது நல்ல செய்தி ஆகாது.

அப்புறம் மூச்சு மாறும். ரத்தத்தில் சேர்ந்த அமிலத்தை வெளியேற்ற உடல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கும். பார்ப்பவர்களுக்கு அது வீசிங் போலத் தோன்றும், நெபுலைசர் வைக்கலாமா என்று யோசிப்பார்கள். குமட்டல் இந்த நேரத்தில் திரும்பி வரலாம், இப்போது அதற்குக் காரணம் அமிலம். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இடுப்பின் இரு பக்கமும் வலி எடுத்து, சிறுநீர் குறைந்து, கடைசியில் நின்றுபோகும். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவுகள் ரத்தத்தில் தேங்க, மறுபடி குமட்டல். பார்வைக்கு எல்லாம் ஒரே குமட்டல்தான். முதலாவது நஞ்சின் உறுத்தல், கடைசியாக வருவது சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம்.

சிறுநீர் நிற்பதைக் கவனிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாந்தி எடுக்கிற குழந்தை தண்ணீர் சத்து குறைந்துபோய்க் கொஞ்சமாகத்தான் சிறுநீர் கழிக்கும், அது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். ஓஆர்எஸ் கொடுத்துக் காத்திருப்பார்கள். வாந்தி அடங்கி, ஓஆர்எஸ்ஸும் உள்ளே தங்கி, அதற்குப் பிறகும் சிறுநீர் வரவில்லை என்றால் அது வெறும் நீர்ச்சத்துக் குறைவு அல்ல. முகமோ காலோ வீங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

சரி, ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? ரத்தத்தில் கிளைகால் எவ்வளவு என்று நேரடியாக அளக்கும் கருவி பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடையாது. அதனால் மருத்துவர்கள் சுற்றி வளைத்துத்தான் பிடிப்பார்கள். ரத்தத்தின் அமில அளவு, ரத்த உப்புகளின் நேர், எதிர் மின்னூட்டக் கணக்கில் விழும் இடைவெளி, சிறுநீரில் தெரியும் ஆக்சலேட் படிகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சில ரத்த வாயுப் பரிசோதனைக் கருவிகள் கிளைகாலிக் அமிலத்தை, கடும் கிருமித்தொற்றில் ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்று தவறாகக் காட்டிவிடும், கிருமித்தொற்றுதான் என்று முதலில் நம்ப வைக்கும். அதனால்தான் என்ன குடித்தார் என்று கூட வந்தவர் சொல்கிற ஒரு வரி, எந்தப் பரிசோதனையையும்விட முந்திக்கொண்டு வழிகாட்டுகிறது.

சிகிச்சையின் அடிப்படை எளிமையானது: கல்லீரல் நொதியை வேறு வேலையில் இழுத்துவிட வேண்டும். நொதி அடைபட்டால் கிளைகால் அமிலமாக மாறாமல் மெல்ல வெளியேறிவிடும். ஃபோமெபிசோல் என்ற மருந்து இதற்காகவே இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் இந்த நஞ்சுக்கு அனுமதி பெற்றது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. விலை அதிகம், நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. அது இல்லாத இடத்தில் மருத்துவர்கள் மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலையே அளந்து கொடுப்பார்கள், ஏனென்றால் நொதி கிளைகாலைவிட எத்தனாலைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் மதுவை ஊற்றிக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் எத்தனாலின் அளவையும் சர்க்கரையையும் அடிக்கடி பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சை அது. குழந்தைக்கு அளவு தவறினால் சர்க்கரை சரிந்து, மூச்சே நின்றுபோகலாம். அமிலத்தைச் சரிக்கட்ட சோடியம் பைகார்பனேட், நிலைமை மோசமானால் டயாலிசிஸ். டயாலிசிஸ் நஞ்சையும் அமிலத்தையும் சேர்த்தே வடிகட்டிவிடும். நேரத்தோடு செய்தால் சிறுநீரகம் திரும்பத் தேறவும் வாய்ப்பு உண்டு.

இதே நொதியும் இதே மாற்று மருந்தும் தமிழ்நாட்டுக்கு இன்னொரு வழியிலும் தெரிந்தவைதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மெத்தனால், எத்திலீன் கிளைகாலுக்கு நெருங்கிய உறவு. அங்கே உண்டான ஃபார்மிக் அமிலம் கண் நரம்பைத் தாக்கும், இங்கே ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தைத் தாக்கும். அங்கேயும் முதலில் வந்தவை வாந்தியும் வயிற்று வலியும்தான்.

இனி மருந்து பாட்டிலுக்கு வர வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் கிளைகால் நஞ்சு குழந்தைகளைக் கொத்தாகக் கொன்ற சம்பவங்களில் ரேடியேட்டருக்குச் சம்பந்தமே இல்லை. எத்திலீன் கிளைகாலின் கூடப்பிறந்தது டைஎத்திலீன் கிளைகால். பிரேக் ஆயில், பெயின்ட், பிளாஸ்டிக் தொழில்களில் பயன்படுகிறது. இதுவும் இனிப்பு, இதுவும் நிறமற்றது. சிரப் தயாரிக்க மருந்தைக் கரைக்கும் திரவம் ஒன்று வேண்டும். அதற்குப் பாதுகாப்பான புரோப்பிலீன் கிளைகாலையோ கிளிசரினையோ பயன்படுத்துவார்கள். மருந்துத் தரத்தில் இவை விலை கூடுதல். தொழிற்சாலைத் தரத்திலான கிளைகால் டிரம்மைப் பரிசோதிக்காமல் வாங்கி ஊற்றினால் அதில் டைஎத்திலீன் கிளைகால் இருக்கிறதா என்பது கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 சதவீதம்.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து, ராஸ்பெரி சுவை சேர்த்து விற்றார்கள். விற்பதற்கு முன் அது நஞ்சா என்று யாரும் சோதிக்கவில்லை. 105 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. நம் நகரமும் இதைக் கண்டிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகள் இதே நஞ்சால் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை, 1998இல் டெல்லிப் பகுதி, 2020 தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகர். 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தபோது உலக சுகாதார நிறுவனம் இந்திய சிரப்புகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது.

அப்படியும் 2025 நடந்தது. செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, காய்ச்சலுக்கு சிரப் குடித்த சின்னக் குழந்தைகள் ஒவ்வொருவராக வாந்தி எடுத்து, சிறுநீர் நின்று, டயாலிசிஸுக்காக நாக்பூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வரும் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. ஏறத்தாழப் பாதி பாட்டில். மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைகால் பயன்படுத்தப்பட்டதாக ஆய்வில் பதிவானது. தொழிற்சாலையில் 350க்கும் மேற்பட்ட குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. உரிமம் ரத்தானது. அத்தனை குறைகளும் ஒரே இரவில் முளைத்திருக்க முடியாது. ஒவ்வொரு டிரம்மையும், கலவையைப் பிரித்து அளக்கும் வாயு குரோமடோகிராஃபி போன்ற முறையில் சோதிப்பது பெரிய விஞ்ஞானம் அல்ல. அதைச் செய்யாமல் விட்ட தொழிற்சாலையும், செய்கிறார்களா என்று முன்கூட்டியே போய்ப் பார்க்காத கண்காணிப்பும் சேர்ந்துதான் இதற்குப் பொறுப்பு. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, வராமல் இருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

டைஎத்திலீன் கிளைகாலின் போக்கு சற்று வேறு. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, பிறகு ஓய்ந்தது போன்ற ஓர் இடைவெளி, ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீரகச் செயலிழப்பு. இதில் ஆக்சலேட் படிகங்களைவிட டைகிளைகாலிக் அமிலம்தான் சிறுநீரகத்தை அழிக்கிறது. பிழைத்தவர்களுக்கும் சில நாள் கழித்து முகம் கோணுவது, கைகால் செயலிழப்பது போன்ற நரம்புக் கோளாறுகள் வரலாம். இதிலும் பெற்றோரைக் குழப்புவது குமட்டல்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், குழந்தை வாந்தி எடுக்கிறது. காய்ச்சலால் வாந்தி என்று நினைத்து அதே சிரப்பை அடுத்த வேளையும் கொடுக்கிறார்கள். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சளி சிரப் அநேகமாகத் தேவையே இல்லை. சளி சிரப்புகளில் இருக்கும் குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் மருந்துக் கலவையை அந்த வயதுக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. சிரப் கொடுத்த பிறகு புதிதாக வாந்தி தொடங்கினால் முதல் காரியம், அந்த சிரப்பை நிறுத்துவது.

வண்டி ஓட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகத்தையும் இங்கே பார்த்துவிடலாம். காருக்குள் இனிப்பான வாடை அடிக்கிறது, குமட்டுகிறது, கூலண்ட் நஞ்சா? டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஹீட்டர் கோர் கசிந்தால் சூடான கூலண்டின் ஆவி உள்ளே வரும், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் கட்டும். தொண்டை உறுத்தலும் குமட்டலும் வரலாம். ஆனால் எத்திலீன் கிளைகால் எளிதில் ஆவியாகாது, தோல் வழியாகவும் குறைவாகவே ஏறும். சிறுநீரகம் கெடும் அளவுக்கு நஞ்சு சேருவது அநேகமாக விழுங்குவதால்தான். ஜன்னலைத் திறந்து விட்டு, கசிவைச் சரிசெய்தால் போதும். இதைவிட நான் பயப்படுவது வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடுக்கு. மதிய நேரத்தில் வண்டியை மூடி ஏசியை ஓடவிட்டுத் தூங்குகிற டிரைவர்கள் இந்த ஊரில் நிறைய. தலைவலியோடு குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்து காற்று வாங்க வேண்டும். அது வேறு நஞ்சு, நிமிடக் கணக்கில் கொல்லும். தரையில் சிந்திய கூலண்டை நாயும் பூனையும் இனிப்புக்காக நக்கும் என்பதால், மண்ணோ மரத்தூளோ போட்டு அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

கூலண்டோ பிரேக் ஆயிலோ உள்ளே போய்விட்டது என்று தெரிந்தாலோ சந்தேகப்பட்டாலோ, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கலக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வாயைக் கழுவிவிட்டு 108ஐ அழையுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மாற்று மருந்து அமிலம் உண்டாகும் முன் கொடுத்தால்தான் முழுப் பலன். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நஞ்சு சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உள்ளது, குழந்தைகளுக்கு எழும்பூர். டெல்லி எய்ம்ஸின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கூப்பிடலாம். தெரிந்தே குடித்தவராக இருந்தால் திட்டாமல், கேள்வி கேட்காமல் கூட்டிப்போங்கள். மன உளைச்சலுக்கு 104இலும் 14416இலும் பேச ஆள் இருக்கிறார்கள்.

கிளம்பும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கூலண்ட் என்றால் கேன், மருந்து என்றால் மிச்சமுள்ள சிரப்போடு பாட்டிலும் அட்டைப்பெட்டியும். காலியாக இருந்தாலும் கழுவாமல் கொண்டுபோங்கள். லேபிளில் பேட்ச் எண் இருக்கும். கோல்ட்ரிஃப் விஷயத்தில் எஸ்ஆர்-13 என்ற அந்த எண்ணை வைத்துத்தான் சுங்குவார்சத்திரம் தொழிற்சாலையில் மாதிரி எடுத்தார்கள். சென்னை அரசுப் பரிசோதனைக் கூடத்தின் முடிவு ஓரிரு நாளில் வந்துவிட்டது, தமிழ்நாட்டில் அக்டோபர் 1ஆம் தேதியே விற்பனைக்குத் தடை போடப்பட்டது.